அடி இல்லாமல் எருது பழக்கும் முறை

மாட்டுச் சந்தையில் எருது வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், திமிலைத் தடவிப் பார்ப்பார். எல்லாம் மனதுக்குப் பிடித்தாலும் வண்டியில் பூட்டி நாலு அடி ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். பூட்டிய இடத்தில் மாடு முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டால் பேரம் அத்துடன் முடிந்தது. நாலு பல் போட்டு, இன்னும் பத்து வருஷம் உழைக்க வேண்டிய மாடு, அந்த நிமிஷத்தில் இறைச்சி விலைக்கு இறங்கிவிடும். கன்றிலிருந்து மூன்று வருஷம் தவிடும் தட்டையும் போட்டு வளர்த்தவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சண்டி என்று பெயர் வாங்கிய மாடுகளில் பல, பிறவியிலேயே அப்படி இருந்தவை அல்ல. பழக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில், வளர்த்தவரே அறியாமல் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. கற்றுக்கொடுத்த விதத்தை அறிந்துகொண்டால் வேறு விதமாகவும் கற்றுக்கொடுக்க முடியும்.

டிராக்டரும் பவர் டில்லரும் வந்தபின் உழவு மாடுகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது என்பது உண்மையே. ஆனாலும் துண்டு நிலங்களிலும், டிராக்டர் இறங்க முடியாத சேற்று வயல்களிலும், மலைச்சரிவிலும், இடை உழவுக்கும், குப்பை அடிக்கவும் எருதை வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எருதே வைத்திருக்காதவர் வீட்டிலும் தலைச்சன் ஈற்றுக் கிடாரி ஒன்று இருக்கும். அதைப் பால் கறக்கப் பழக்குவதற்கும் இதே முறைதான்.

சண்டி மாடு உண்டாகும் விதம்

வழக்கமாக நடப்பது இது. இரண்டு வயது வரை காளைக்கன்று கட்டுத்தறியிலோ மேய்ச்சலிலோ தன் போக்கில் இருக்கும். யாரும் தொட்டுப் பழகுவது இல்லை. பிறகு ஒருநாள் நாலு பேர் சேர்ந்து பிடித்து, மூக்குக் குத்தி, காயடித்து, சில வாரம் கழித்து ஒரு கிழட்டு எருதுடன் நுகத்தில் பூட்டுவார்கள். கழுத்தில் என்ன ஏறியது என்று அதற்குத் தெரியாது. முன்னால் ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுப்பார், பின்னால் ஒருவர் வாலை முறுக்குவார், பக்கத்தில் ஒருவர் தார்க்குச்சியால் குத்துவார். முன்னால் போனால் மூக்கு வலிக்கிறது, நின்றால் வால் வலிக்கிறது. எதைச் செய்தால் வலி நிற்கும் என்பது விளங்காமல், கடைசியில் அது படுத்துவிடுகிறது.

படுத்ததும் இன்னும் பத்து அடி விழும். அடித்தவர் களைத்துப் போவார். 'இன்றைக்கு இது போதும், அவிழ்த்து விடு' என்பார். நுகம் கழலும், மாடு தொழுவத்துக்குப் போகும், தண்ணீரும் தீவனமும் கிடைக்கும்.

மாடு அன்று கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: படுத்தால் நுகம் கழலும். மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் படுக்கும். பத்தாம் நாள் நுகத்தடியைக் கண்டாலே படுக்கும். மாட்டின் கணக்கில் அது மிகச் சரியான காரியம்; எந்தச் செய்கைக்குப் பலன் கிடைத்ததோ அதை அது திரும்பச் செய்கிறது, அவ்வளவே.

இதை விஞ்ஞான முறையில் சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடி அமெரிக்கரான எட்வர்டு தார்ன்டைக். 1898-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் பூனைகளைக் கூண்டில் அடைத்து, உள்ளே ஒரு கயிற்றையோ நெம்புகோலையோ அசைத்தால் கதவு திறக்கும்படி செய்து, வெளியே தீனி வைத்தார். தற்செயலாக ஒருமுறை கதவைத் திறந்த பூனை, திரும்பத் திரும்ப அடைக்கப்பட்டபோது மேலும் மேலும் விரைவாகத் திறந்தது. பலன் தரும் செய்கை நிலைக்கும், பலன் தராத செய்கை மங்கும் என்று அவர் கண்டார். பின்னர் பி.எஃப். ஸ்கின்னர் என்பவர் எலி, புறா இவற்றைக் கொண்டு இதையே விரிவாக ஆராய்ந்தார். இன்று சர்க்கஸ் நாய்க்கும், கடல்வாழ் டால்பினுக்கும், பந்தயக் குதிரைக்கும் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறார்கள்.

குதிரைக்காரர்கள் கண்டுபிடித்தவை

அடிக்காமல் பழக்குவது பற்றி ஆதியில் எழுதி வைத்தவர்கள் குதிரைக்காரர்களே. கிரேக்க நாட்டுப் படைத்தலைவர் செனபோன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய குதிரையேற்ற நூலில், கோபத்துடன் குதிரையின் அருகே போகக் கூடாது என்றும், குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரளும்போது அடித்தால் அந்தப் பொருளுடன் வலியையும் சேர்த்து நினைத்துக்கொண்டு இன்னும் மிரளும் என்றும் சொல்லியிருக்கிறார். பாலத்தைக் கண்டு நிற்கும் வண்டி மாட்டை அடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மிருகம் மனிதனின் உடலை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவம் பிரசித்தமானது. பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டால் குளம்பால் ஐந்து முறை தட்டும். பின்னக் கணக்கும் போடும், தேதி சொல்லும். சரியான விடைக்கு ரொட்டியும் காரட்டும் கிடைக்கும். 1904-ல் ஊரே திரண்டு வந்து பார்த்தது. அறிஞர்கள் குழு ஒன்று பரிசீலித்து, மோசடி எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

ஆஸ்கார் ஃபங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் விடவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்து பார்த்தார், குதிரை தவறியது. கேட்பவர் குதிரையின் கண்ணுக்குப் படாதபடி மறைத்துப் பார்த்தார், அப்போதும் தவறியது. கடைசியில் உண்மை வெளிப்பட்டது. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கக் கொஞ்சம் குனிகிறார். தட்டு சரியான எண்ணுக்கு வந்ததும், அவரையும் அறியாமல் தலை ஒரு மயிரிழை நிமிர்கிறது. அந்த அசைவைக் கண்டு ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. அவர் 1907-ல் இதை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் மனிதனின் உடம்பை மனிதனைவிட நன்றாகத் தெரியும். ஃபான் ஆஸ்டன் பாவம், கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

மாடு குதிரை அல்ல. பயந்தால் குதிரை ஓட்டம் பிடிக்கும். மாடு முதலில் நின்று பார்க்கும், முட்டும், அல்லது படுக்கும். ஆனால் இரண்டும் புல் தின்னும் கூட்ட மிருகங்கள். இரண்டுக்கும் புலி, ஓநாய்க்குப் பயந்த முன்னோர்கள் உண்டு. நெருங்குகிறவன் எப்படி நடக்கிறான், எங்கே பார்க்கிறான், கை எங்கே இருக்கிறது என்பதை இரண்டும் விடாமல் கவனிக்கும். 'எதிராளி நல்லவனா' என்று மாடு முகத்தைப் பார்த்து முடிவு செய்துவிடும் என்று கிராமத்தில் சொல்வது வேடிக்கைப் பேச்சு அல்ல. அடிக்கிற ஆளையும் தீனி வைக்கிற ஆளையும் மாடு வேறு பிரித்து அறிகிறது என்பது சோதனைகளில் நிரூபணமாகியுள்ளது.

மாட்டின் கண்ணும் விலகும் எல்லையும்

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், மேயும்போதே ஏறத்தாழ சுற்றிலும் பார்க்க முடியும். வாலுக்கு நேர் பின்னால் உள்ள பகுதிதான் அதற்குத் தெரியாது. ஆகவே நேர் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து முதுகில் கை வைத்தால் எந்தச் சாதுவான மாடும் உதைக்கும். குற்றம் மாட்டினுடையது அல்ல.

முன்னால் உள்ளதையும் ஒரு சிறு பகுதியில்தான் இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் ஆழம் மட்டிடுவது அதற்குக் கடினம். பாதையில் விழுந்த மரநிழல், பளபளக்கும் தேங்கிய தண்ணீர், தார்ரோட்டில் போட்ட வெள்ளைக்கோடு எல்லாம் அதற்குப் பள்ளமாகத் தோன்றலாம். அந்த இடத்தில் அடிக்காமல், கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க விட்டால் அரை நிமிஷத்தில் தானாகவே கடந்துபோகும். சிவப்புத் துணியைக் கண்டால் மாடு சீறும் என்பதும் சரியல்ல. சிவப்பு நிறம் அதற்குத் தெளிவாகத் தெரிவதே இல்லை. துணி ஆடுகிற ஆட்டத்துக்குத்தான் அது மிரள்கிறது.

ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஒரு விலகும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ஆள் நுழைந்தால் மாடு விலகும். வெளியே வந்தால் நிற்கும். கட்டுத்தறி மாட்டுக்கு அது அநேகமாக இல்லை. கொறங்காட்டில் விட்டு வளர்ந்த காங்கேயம் கன்றுக்குப் பல அடி இருக்கலாம். மலைப்பட்டியில் வளரும் பர்கூர் மாட்டுக்கு அதைவிட அதிகம். முரட்டு சுபாவம் உள்ளது, பழக்கச் சிரமமானது என்று பர்கூர் மாடு பெயர் பெற்றதற்கு அது ஆட்களைத் தொட்டு வளராததும் ஒரு காரணம்.

இன்னொன்று, முன்சப்பைக் கணக்கு. ஆள் மாட்டின் முன்சப்பைக்குப் பின்னால் நின்று எல்லைக்குள் நுழைந்தால் மாடு முன்னே போகும். முன்சப்பைக்கு முன்னால் நுழைந்தால் பின்வாங்கும் அல்லது திரும்பும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் அம்மையார் இந்த இரண்டு விஷயங்களையும் படம் போட்டு விளக்கி, மாட்டுப் பண்ணைகளில் குச்சி இல்லாமல் மாடுகளை நடத்தச் சொல்லிக் கொடுத்தவர். நம் ஊர் மேய்ப்பவர்கள் படம் இல்லாமலே இதைச் செய்வார்கள். ஆனால் வண்டி பழக்குகிறபோது, முகத்துக்கு எதிரே நின்று கண்ணை உறுத்துப் பார்த்துக்கொண்டு மூக்குக் கயிற்றை இழுப்பது பலருடைய வழக்கம். அந்த நிலையில் ஆளின் உடம்பு 'பின்னே போ' என்கிறது, கயிறு 'முன்னே வா' என்கிறது.

மாடு சொல்வதைத் தெரிந்துகொள்ளுதல்

காது இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் தொங்கி, கண் இமை பாதி மூடி, அசை போட்டுக்கொண்டு நின்றால் மாடு பயமின்றி இருக்கிறது. அசை போடுவது நின்று, காதுகள் ஒரே திசையில் விறைத்து, தலை உயர்ந்தால் ஏதோ ஒன்றை உற்றுக் கவனிக்கிறது. கண்ணில் வெள்ளை தெரிந்து, மூக்குத் துளை விரிந்து, வால் தொடைகளுக்கு இடையே ஒடுங்கி, அடிக்கடி இளஞ்சாணமாகப் போட்டால் நல்ல பயத்தில் இருக்கிறது. இந்த நிலையில் எந்தப் பாடமும் ஏறாது. பின்வாங்கிக் காத்திருப்பதே முறை.

காயடிக்காத காளை உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி நின்றாலும், முன்காலால் மண்ணைப் பறித்தாலும் அது பயம் அல்ல, எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல், கண்ணை அதன்மேல் வைத்தபடி மெதுவாகப் பக்கவாட்டில் விலகி வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும்.

காளைக்கன்றின் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். முட்டு விளையாட்டில் கன்று ஜெயித்துப் பழகினால், 300 கிலோ எடை வந்தபின்னும் அதே விளையாட்டை விளையாடும். தடவ வேண்டிய இடங்கள் வேறு: அலைதாடி, கழுத்தின் அடிப்பக்கம், திமிலின் ஓரம், வாலின் அடி. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் இடங்கள் இவை. இந்த இடங்களைச் சொறிந்துகொடுத்தால் நெஞ்சுத் துடிப்பு தணிகிறது என்று மாட்டிலும் குதிரையிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பாராட்டுச் சொல்லும் பிடித் தீனியும்

கன்று பிறந்த முதல் வாரத்திலிருந்தே தினமும் சில நிமிஷம் தொட்டுப் பழகினால் பின்னால் பாதி வேலை மிச்சம். அப்படிச் செய்யாதவர்கள் இரண்டு வயதில் தொடங்கினாலும் கெட்டுவிடவில்லை. பொறுமை சற்றுக் கூடுதலாக வேண்டும்.

முதலில் ஒரு பாராட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பலே' என்பது போல் குட்டையான சொல் போதும். நாக்கைச் சொடுக்கும் ஓசை வேண்டாம்; பல ஊர்களில் மாட்டை முடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மாடு கட்டுத்தறியில் நிற்கும்போது 'பலே' என்று சொல்லி, ஒரு விநாடிக்குள் ஒரு பிடி தீனி கொடுக்க வேண்டும். இருபது முப்பது தடவை இப்படிச் செய்தால், சொல்லைக் கேட்டதும் காது திரும்பும். சொல் என்றால் தீனி என்று புரிந்துவிட்டது. இனி மாடு சரியான காரியத்தைச் செய்த அதே விநாடியில் அந்தச் சொல்லைச் சொல்லலாம். தீனி எடுக்க இரண்டு விநாடி தாமதமானாலும் குழப்பம் வராது. தாமதமாக வரும் பலன் வேறொரு செய்கைக்குக் கூலியாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. மாடு நின்றதற்காக எடுத்த புண்ணாக்கை, அது தலையால் இடித்தபிறகு கொடுத்தால், இடிப்பதற்குத்தான் கூலி.

தீனி என்றால் ஊறவைத்த பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்குத் துண்டு, அகத்திக்கீரை, ஊறவைத்த கொள்ளு எது வேண்டுமானாலும் ஆகும். வெல்லம் சுண்டைக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். அன்றாடம் வைக்கும் தீவனத்திலிருந்தே இதை எடுத்து வைத்துக்கொண்டால் கூடுதல் செலவு இல்லை. பாசம் மிகுந்து சோறு, பொங்கல், அரிசி மாவு என்று அள்ளிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. முதல் இரைப்பையில் புளித்து அமிலம் கூடி மாடு சாய்ந்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்கள் இந்தக் கேஸ்களைப் பார்க்காத வருஷம் இல்லை.

பழக்கம் படிந்தபின் ஒவ்வொரு தடவையும் தீனி வேண்டியதில்லை. மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று முன்பின்னாகக் கொடுக்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்கு மிருகம் அதிகமாக உழைக்கிறது என்று ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. சொறிந்துகொடுப்பதும், 'பலே' என்பதும், சற்று நிற்கவிடுவதும் கூடக் கூலிதான்.

கயிற்றுப் பாடம்

கயிறு இழுப்பதால் மாடு கற்பதில்லை, தளர்வதால் கற்கிறது. இது ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மூக்கு குத்திய புண் நன்றாக ஆறும்வரை, குறைந்தது இரண்டு வாரம், மூக்கணாங்கயிற்றை இழுக்கவே கூடாது. முதலில் தலைக்கயிறு மாட்டி அதிலேயே பழக்க வேண்டும். கன்றின் முன்சப்பைக்குப் பக்கத்தில், அது போகும் திசையையே பார்த்து நின்று, 'போ' என்று சொல்லி, கயிற்றில் மெல்லிய இழுப்பு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கன்று அரை அடி எடுத்து வைத்தாலும் அந்த விநாடியே கயிற்றைத் தளர்த்தி, 'பலே' சொல்லித் தீனி கொடுக்க வேண்டும். அடுத்து ஓர் அடி, பிறகு மூன்று அடி. இழுப்பைத் தளர்த்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், நடந்ததற்கும் நடக்காததற்கும் கன்றுக்கு வித்தியாசம் தெரியாது.

'நில்' என்பதை 'போ' என்பதற்கு முன்பாகவோ கூடவேவோ கற்றுக்கொடுப்பது நல்லது. நிற்கத் தெரியாத மாட்டை வண்டியில் பூட்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஆளும் நின்று, தோளைத் தளர்த்தி, மூச்சை விட்டு, அப்புறம் சொல்லைச் சொன்னால் மாடு உடம்பைப் பார்த்தே நின்றுவிடும். ஹான்ஸ் குதிரையின் கதைதான் இது.

காலை, மாலை இரண்டு வேளை, வெயில் இல்லாத நேரத்தில் பத்து அல்லது பதினைந்து நிமிஷம் போதும். சரியாகச் செய்த கட்டத்தில் முடித்துவிட வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்று ஆசைப்படுவதில்தான் பாடம் கெடுகிறது. பூட்டுகிற மனிதனுக்குக் கோபம் வந்துவிட்டால் அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம். அதற்கு முன் மாட்டை இரண்டு அடி நடக்கவிட்டு, அதற்குக் கூலி கொடுத்து, பிறகு கட்ட வேண்டும்.

நுகம் ஏற்றுதல்

கயிற்றில் நன்றாக நடக்கவும் நிற்கவும் பழகிய பிறகே நுகத்தைக் காட்ட வேண்டும். முதல் நாள் நுகத்தடியைத் தொட்டியின் பக்கத்தில் வைத்து முகர விட வேண்டும். அதன்மேலேயே தீனி வைக்கலாம். இரண்டாம் மூன்றாம் நாள் இலேசான மூங்கில் துண்டைச் சாக்கு சுற்றி, தீனி தின்னும்போது கழுத்தில் வைத்து எடுக்க வேண்டும். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மாடு நகராமல் நிற்கும்போதே எடுக்க வேண்டும். உதறும்போது எடுத்தால், உதறினால் கழலும் என்று கற்றுக்கொள்ளும். பூட்டாங்கயிறு கழுத்தைச் சுற்றுவதும் தனிப் பாடம்.

பிறகு வயதான, நிதானமான எருது ஒன்றுடன் ஜோடி சேர்க்கலாம். எந்தப் பக்கம் பழக்குகிறோமோ அந்தப் பக்கத்தையே முதலில் தொடர வேண்டும். வலத்து மாடாகப் பழகியதைத் திடீரென்று இடத்தில் பூட்டினால் தடுமாறும். ஜோடியாக வெறும் நுகத்துடன் சில நாள் நடை. அடுத்து நுகத்தில் கயிறு கட்டி ஓர் இலேசான மரக்கட்டை. கட்டை பின்னால் கரகரவென்று வரும் சத்தம் மாட்டுக்குப் புதிது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிற சத்தம் வேறு. ஆகவே முதலில் வேறொருவர் கட்டையை மாட்டின் முன்னால் இழுத்துக்கொண்டு போக, மாடு அதன் பின்னால் நடக்க வேண்டும். துரத்தும் சத்தத்துக்குப் பயப்படுகிற மாடு, தன்னைவிட்டு ஓடும் சத்தத்துக்குப் பயப்படாது. குதிரை வண்டி பழக்குகிறவர்களின் நல்ல தந்திரம் இது.

கட்டைக்குப் பிறகு காலி வண்டி, அல்லது ஏற்கெனவே உழுது பொலபொலப்பான மண்ணில் மேலாக ஏர். உம்பளச்சேரி போன்ற சேற்றுழவு மாடுகளையும் முதலில் மேட்டு நிலத்தில் நடை பழக்கிவிட்டுப் பிறகு சேற்றில் இறக்குவதே நலம். முழு வேலையை நாலு வயதுக்கு முன் வாங்கக் கூடாது. இவ்வளவுக்கும் ஆறு வாரம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மூன்று நாளில் அடித்துப் பழக்கிவிட்டேன் என்பவரின் மாடு எந்த மேட்டில் படுக்கும் என்று அவருக்கே தெரியாது.

படுக்கிற மாட்டைத் திருத்துதல்

சண்டி என்று முடிவு கட்டுமுன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: கழுத்து, மூக்கு, குளம்பு. நுகம் உரசி வீங்கிய கழுத்துடன், புண் ஆறாத மூக்குடன், முள் தைத்த குளம்புடன் உள்ள மாடு படுப்பது நியாயமான மனு. நுகத்தை இழைத்து வழுவழுப்பாக்கி, புண் ஆறும்வரை ஓய்வு கொடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. பாரமும் வெயிலும் காரணமாக இருக்கலாம்.

உடம்பில் குறை இல்லை என்றால், பழைய பாடத்தை அழித்துப் புதுப் பாடம் எழுத வேண்டும். படுத்தால் நுகம் கழலக் கூடாது. அடியும் விழக் கூடாது. வண்டி காலியாக இருக்க வேண்டும், கழுத்து நெரியாதபடி ஜோடி எருதை நிறுத்திவைக்க வேண்டும், ஆள் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். தீனியும் பேச்சும் இல்லை. எவ்வளவு நேரமானாலும் அது எழுந்ததும் 'பலே', தீனி. இரண்டு அடி நடந்ததும் மறுபடி தீனி; அந்த இடத்திலேயே அவிழ்த்துவிட வேண்டும். நடந்தால்தான் நுகம் கழலும் என்பது புதுக் கணக்கு. முதல் சில நாட்களில் மாடு முன்னைவிட அதிகமாகப் படுக்கும். இவ்வளவு நாள் பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று பலமாக முயன்று பார்க்கிறது. அந்தச் சமயத்தில் மனம் தளர்ந்து அவிழ்த்துவிட்டால், பிடிவாதமாகப் படுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததாகும். நேரம் இருக்கிற நாளில் மட்டுமே இதைத் தொடங்க வேண்டும். எல்லா மாடும் திருந்திவிடும் என்று சொல்வதற்கில்லை. வெகுநாள் அடிபட்டவை சில திருந்தா.

வாலைக் கடிப்பது, வாலின் கணுவை முறிப்பது, கண்ணில் மிளகாய் தடவுவது, வயிற்றின் அடியில் வைக்கோல் கொளுத்துவது முதலியவை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். அதன் கீழ் 1965-ல் வந்த இழுவை மிருக விதிகள் ஆணி வைத்த தார்க்குச்சியைத் தடை செய்கின்றன. ஒருநாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது என்றும் உள்ளது. வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

தலைச்சன் கிடாரிக்கு

பால் இறங்குவது மாட்டின் மனத்தைப் பொறுத்தது. மடியைத் தடவும்போது மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலந்து பாலை இறக்குகிறது. அதன் வேகம் சில நிமிஷங்களே. மாடு பயந்தால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். அடித்துக் கறக்கிற வீட்டில் பால் மடியிலேயே தங்குவதும், பின்னர் மடிநோய்க்கு இடம் கொடுப்பதும் இதனால்தான்.

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கிடாரியைக் கறவை இடத்துக்குக் கொண்டுவந்து கட்டி, சிறிது தவிடு வைத்து, முதுகு, விலா, தொடை என்று வரிசையாகத் தடவி மடிவரை கையைக் கொண்டுபோக வேண்டும். காம்பைப் பீய்ச்சக் கூடாது, தொட்டால் போதும். காலைத் தூக்கினால் கையைச் சட்டென்று எடுப்பது இயல்பு. அதுதான் உதைக்கிற மாட்டை உண்டாக்குகிறது. உதைத்தால் கை போகும் என்று ஆகிவிடும். உதை படாத விலாப் பக்கம் நெருங்கி நின்று, கையைத் தொடையிலேயே அழுத்தி வைத்திருந்து, கால் தரையில் ஊன்றிய விநாடியில் கையை எடுத்துத் தீனி கொடுக்க வேண்டும். முரட்டுக் கிடாரிக்கு முதல் சில நாள் அணைகயிறு கட்டுவதில் தவறில்லை. ஆனால் அதை நம்பிப் பாடத்தை விட்டுவிடக் கூடாது.

குதிரை வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன வரிசையே பொருந்தும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளில், மத்தளச் சத்தத்துக்கு நடுவே காதைத் தளர்த்தி நிற்கும் குதிரையும் உண்டு, காதைப் பிடரியோடு ஒட்டவைத்துப் பல்லைக் காட்டும் குதிரையும் உண்டு. காது பின்னால் ஒட்டியிருந்தால் கிட்டே போகக் கூடாது. குதிரைக்குக் கையால் தீனி கொடுப்பவர்கள், அது பையை மோப்பம் பிடிப்பதை விட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிய பிறகே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கடிக்கப் பழகும்.

வீட்டில் யார் மாட்டைப் பிடித்தாலும் அதே சொற்களையே பயன்படுத்த வேண்டும். அப்பா 'நில்' என்றும், மகன் 'ஹோ' என்றும், ஆள் 'இரு' என்றும் சொன்னால் மூன்று பாடம். நிறுத்தும் சொல், நடத்தும் சொல், திருப்பும் சொல், பாராட்டுச் சொல் ஆகிய நான்கையும் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைக்கிறவர்கள் உண்டு. பழகிய எருதை விற்கும்போது, கயிற்றை மாற்றிக் கொடுக்குமுன், வாங்குகிறவருக்கு இந்தச் சொற்களையும், எந்த இடத்தில் சொறிந்தால் மாடு நிற்கும் என்பதையும், வலமா இடமா என்பதையும் சொல்லி, அவர் கையாலேயே ஒருமுறை பூட்டி ஓட்டிப் பார்க்கச் செய்ய வேண்டும்.